பாலை மரத்துப் பலகை

உடையார்கட்டுக்கு வடக்கே, பற்றைக்காட்டின் ஓரத்தில் நின்ற பாலை மரத்தில் அந்த வெள்ளைப் பலகையை ஆணி அடித்து மாட்டியவுடன் தாட்சாயினி ஆத்திரத்தோடு வந்து அதன் முன்னால் நின்றாள்.

பலகையில் எட்டுப் பெயர்கள். எட்டுப் பேரும் அவளுடைய குழுப் பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, முதல்நாள் அந்தப் பெண் எத்தனை சதுர மீற்றர் நிலத்தில் மிதிவெடி தேடி முடித்தாள் என்று எழுதியிருந்தது. முதல் மூன்று பெயர்களுக்குப் பச்சை மை. கடைசி மூன்றுக்குச் சிவப்பு.

“இனி ஒவ்வொரு நாளும் காலமை இதை எழுதி விடுங்கோ,” என்றான் பிரசாந்தன். கண்ணிவெடி அகற்றும் அந்த நிறுவனத்துக்கு அவன் புதிய முகாமையாளர். வந்து இரண்டு மாதம்தான். “ஆர் வேலை செய்யினம், ஆர் மற்றவையின்ர முதுகில ஏறிப் போயினம் எண்டு எல்லாருக்கும் தெரியத்தானே வேணும்.”

“எங்கட குழுவில ஒருத்தரும் ஒருத்தற்ற முதுகிலயும் ஏறுறேல்லை, சேர்.”

“அப்ப ஏன் பயப்பிடுறீங்கள்?”

தாட்சாயினிக்கு நாற்பத்தொரு வயது. இந்த வேலையில் பதினான்கு வருடம். முழங்காலில் நின்று நின்று இரண்டு முழங்காலும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன. மிதிவெடிக்கு முன்னால் பயந்திருக்கிறாள். ஒரு பலகைக்கு முன்னால் பயப்படுகிறாயா என்று கேட்கிறான் ஒருவன். அது பயமில்லை, ஆத்திரம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளுடைய குழு ஏழு வருடமாக ஒன்றாக வேலை செய்த குழு. மாவட்டத்தில் ஆக அதிக நிலத்தைத் துப்புரவாக்கியது அதுதான். ஏழு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இந்தக் குழுவோடு நின்றுதான் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 

அது எப்படி வந்தது என்று கேட்டால் அந்தப் பெண்களுக்கே விளக்கிச் சொல்லத் தெரியாது. ஆனால் செய்வார்கள். விடிய ஐந்து மணிக்குப் பரந்தன் சந்தியில் வாகனம் வந்து நிற்கும். ஏறியவுடன் தாட்சாயினி ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பாள்: “இண்டைக்கு எப்பிடி?” ஒருத்தி “தலையிடிக்குது அக்கா” என்பாள். இன்னொருத்தி “வீட்டில சண்டை, நித்திரையில்லை” என்பாள். மேலதிகமாக ஒரு கேள்வி கிடையாது. அன்றைக்கு அவளுக்கு வெடி தேடும் வேலை இல்லை. எல்லைத் தடி நடுவாள், தண்ணீர் கொண்டுவருவாள், பதிவு எழுதுவாள். அடுத்த கிழமை வேறொருத்தி. 

களத்தில் இருவர் இருவராகத்தான் வேலை. ஒருத்தி முழங்காலில் நின்று நீண்ட பிடி போட்ட றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பாள். மற்றவள் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். நிலத்தை இல்லை, அவளை. அவளுடைய தோள் எப்படி இருக்கிறது, கை எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா என்று. அரைமணிக்கு ஒருதரம் இடம் மாறுவார்கள். வேரும் கல்லும் நிறைந்த கடினமான துண்டு ஒருத்திக்கு அகப்பட்டால் மத்தியானத்தோடு மற்றச் சோடி அதை வாங்கிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் இருந்தது. ‘நில்.’ அதை யாரும் சொல்லலாம். சொன்னால் களத்தில் அத்தனை பேரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். ஏன் நிற்கச் சொன்னாய் என்று கேட்கக்கூடாது. ஒருமுறை மேனுகா, குழுவில் ஆக இளையவள், “நில்!” என்று கத்தி முழுக் களத்தையும் நிறுத்தினாள். போய்ப் பார்த்தால் துருப்பிடித்த மீன் ரின், வெறும் தகர டப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் விசுவமடுவில் வாகனத்தை நிறுத்தி, எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பிரசாந்தனிடம் சொல்லாமலும் இல்லை. அவன் வந்த புதிதில் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தான். ‘உயர்தரக் குழுச் செயற்பாடு’ என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டான். பெண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, உறிஞ்சு குழாய்களால் கோபுரம் கட்ட வைத்தான். கட்டியவர்கள் கை தட்டினார்கள். கடைசியில் மைக்கைத் தாட்சாயினியிடம் நீட்டி, “உங்கட குழுதான் எல்லாரிலும் முன்னுக்கு நிக்குது. அதின்ர இரகசியம் என்ன?” என்று கேட்டான்.

“நாங்கள் நிற்பம் சேர்,” என்றாள் அவள்.

“விளங்கேல்லை.”

“ஆரும் ஒருத்தர் நில் எண்டா எல்லாரும் நிற்பம். அவ்வளவுதான்.”

மண்டபம் சிரித்தது. பிரசாந்தனும் சிரித்தான். “நிண்டுகொண்டு எப்பிடியம்மா முன்னுக்கு வாறது?” என்று கேட்டு, திரையில் அடுத்த படத்தைப் போட்டான்.

இரண்டு கிழமை கழித்துத்தான் பலகை வந்தது. பலகையோடு இன்னும் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, சோடி முறை நிறுத்தம். ஒரு சோடி செய்த வேலையை யாருடைய பெயரில் எழுதுவது? ஆகவே எட்டுப் பேருக்கும் எட்டுத் துண்டு. பின்னால் நின்று பார்ப்பவள் சும்மா நிற்கிறாள் என்பது அவனுடைய கணக்கு. இரண்டாவது, பலகையின் வலது ஓரத்தில் ‘நிறுத்தம்’ என்று ஒரு நிரல். யார் ‘நில்’ என்று சொல்கிறாளோ, அதனால் போன நிமிடங்கள் அவளுடைய பெயரில் விழும்.

“வெளிநாட்டு உதவி குறையுது,” என்று அவன் எல்லாரையும் மரத்தடியில் இருத்திச் சொன்னான். “மார்கழியில இந்தக் குழுவில அஞ்சு பேருக்குத்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கலாம். ஆர் அந்த அஞ்சு பேர் எண்டதை நான் முடிவெடுக்கேல்லை. பலகை முடிவெடுக்கும்.”

மரத்தடியில் இருந்த எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவர்கள் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததைக் கண்ணால் கண்டும் தாட்சாயினியால் நம்ப முடியவில்லை. இரண்டாம் கிழமையே வாகனத்தில் ஒருவருக்கும் தலையிடி இல்லை. ஒருவர் வீட்டிலும் சண்டை இல்லை. “இண்டைக்கு எப்பிடி?” என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி “நல்லம் அக்கா” என்றார்கள். அவளுக்கே கேட்கக் கூச்சமாகி, கேட்பதை விட்டுவிட்டாள். வேர் நிறைந்த துண்டு அகப்பட்டவள் அதிலேயே கிடந்து மாய்ந்தாள், மத்தியானம் வாங்கிக்கொள்ள ஒருத்தியும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் ஒரே பாயில் இருந்து கறி மாற்றிச் சாப்பிட்டவர்கள் இப்போது பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியே பார்சலை அவிழ்த்தார்கள். 

‘நில்’ என்ற சொல் மூன்று கிழமையாகக் கேட்கவில்லை.

தாளில் மட்டும் எல்லாம் நன்றாக இருந்தது. முதல் மாதம் சதுர மீற்றர் கூடியது. பிரசாந்தன் தலைமை அலுவலகத்துக்கு வரைபடம் கீறி அனுப்பினான்.

பலகையின் அடியில் ஒவ்வொரு நாளும் சிவப்பில் நின்ற பெயர் சுதர்சினி. பாரதிபுரத்துப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். கை மெதுவானவள்தான். ஆனால் அவள் தேடி முடித்த நிலத்தில் தரப் பரிசோதகர் ஒரு தடவைகூட ஒரு இரும்புத் துண்டைக் கண்டுபிடித்ததில்லை. அதற்குப் பலகையில் நிரல் இல்லை. 

ஆக உச்சியில் பச்சையில் நின்ற பெயர் மேனுகா. முன்பு சுதர்சினியும் மேனுகாவும் ஒரு சோடி.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சுதர்சினி வாகனத்தில் ஏறும்போதே கண் சிவந்திருந்தது. அவளுடைய மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அது இப்போது தாய்க்கும் தொற்றியிருந்தது. தாட்சாயினி அதைக் கண்டாள். கண்டது உறுதி. வாய் திறக்கப் போனவள், இன்று இவளை வேலையால் எடுத்தால் பலகையில் பூச்சியம் விழும், பிறகு இவள் எழும்பவே மாட்டாள் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். அதை இரக்கம் என்றுகூட அந்த நேரம் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்தரை மணியிருக்கும். சுதர்சினிக்கு மூன்றாவது நாளாக அதே வேர் நிறைந்த துண்டு. றேக்கை வைத்துவிட்டு, மண்ணுக்குள் குறுக்கே ஓடிய வேரை வெட்டச் சின்னக் கத்தரியை எடுத்திருந்தாள். 

வெடித்தது.

தலைக்கு மேல் மண் பொழிந்து ஓய்ந்ததும், யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. ஓடிப்போக வேண்டும் என்று ஒவ்வொரு உடம்பும் துடித்தது, ஆனால் ஒருத்தியும் ஓடவில்லை. எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தேடி முடித்த பாதையால் பின்வாங்கி வந்தார்கள். தாட்சாயினி முன்னே போய்ப் பாதையைச் சோதித்தாள். மருத்துவ உதவியாளர் கமலாசனி அவளுடைய காலடியில் காலடி வைத்துப் பின்னால் போனாள். மேனுகாவும் இன்னும் மூவரும் தூக்குப்படுக்கையோடு நின்றார்கள். ஒருத்தி வாகனத்தைத் திருப்பி நிறுத்தினாள். ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு அறிவித்தாள். பதினொரு நிமிடத்தில் சுதர்சினி வாகனத்துக்குள் இருந்தாள். 

முகக்கவசம் முகத்தைக் காப்பாற்றியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் விடியக் களத்துக்குப் போன தாட்சாயினி பாலை மரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். பலகையைக் காணவில்லை. நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் பால் வடித்துக்கொண்டிருந்தன.

“சேர், பலகை எங்க?”

“எந்தப் பலகை?” என்றான் பிரசாந்தன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். “அது ஒரு பரீட்சார்த்தமாப் போட்டது. விசாரணைக்கு ஆள் வருது. தேவையில்லாத சாமான்கள் களத்தில கிடக்கக் கூடாது.”

நேற்றுவரை எட்டுப் பேருடைய சோற்றை அந்தப் பலகை முடிவெடுக்கும் என்றவன், இன்றைக்கு அதைத் தேவையில்லாத சாமான் என்கிறான்.

அன்று பின்னேரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுதர்சினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணையில் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தாய் வீரம்மா, கதிரையில் கூட இருக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தாட்சாயினியைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

“எம் புள்ளைக்குக் காய்ச்சல்னு உங்களுக்குத் தெரியாதாங்க?” என்று கேட்டாள் வீரம்மா. “காலையில நெத்தியத் தொட்டுப் பாத்தேன், சட்டி மாதிரி சுட்டுச்சு. போகாதடீன்னேன். போகாட்டிச் செவப்புல எழுதிருவாங்கம்மான்னு சொல்லிட்டுப் போனா. அது என்னங்க செவப்பு? மனுசங்க பேரச் செவப்புல எழுதுறது என்ன வேலைங்க?”

சுவர்ப்பக்கம் இருந்து சுதர்சினியின் குரல் வந்தது.

“அக்காவுக்குத் தெரியும் அம்மா. வாகனத்துக்குள்ள என்னைப் பாத்தவா.”

“சுதா...”

“பாத்திட்டு அங்கால திரும்பினீங்கள்.” அவள் இப்போது திரும்பிப் படுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. “நான் உங்களைப் பேசேல்லை அக்கா. நானும் சொல்லேல்லைத்தானே. ஆனா ஒண்டு கேக்கிறன். அவன் அந்தப் பலகையைக் கொண்டுவந்த முதல்நாளே நாங்கள் எட்டுப் பேரும் றேக்கை வைச்சிட்டு நிண்டிருந்தா அவன் என்ன செய்திருப்பான்? நில் எண்டு சொல்ல எங்களுக்குத் தெரியும். ஏன் அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

தாட்சாயினி வெளியே வந்து பேருந்துக்கு நின்றாள். பிரசாந்தன் மேலே இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதோடு தன் மேலேயும் ஒரு கோபம் சேர்ந்து, இரண்டும் ஒன்றாகி, அவளை நிமிர்த்தி வைத்தது.

மூன்றாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து அப்புத்துரை என்ற வயதான அதிகாரி வந்திருந்தார். களத்துக் கூடாரத்துக்குள் மேசை போட்டு இருந்தார். பக்கத்தில் பிரசாந்தன். மேசையில் அறிக்கை தட்டெழுதித் தயாராக இருந்தது. 

“குழுத் தலைவி எண்ட முறையில நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்,” என்று பிரசாந்தன் பேனையை நீட்டினான். 

தாட்சாயினி தாளை எடுத்து வாசித்தாள். ‘விபத்துக்கான காரணம் தனிநபர் கவனக்குறைவு. குறித்த பணியாளர் ஆரம்பம் முதலே குறைந்த வேலைத்திறன் காட்டியவர். கல்வித் தகைமையும் குறைவு.’ 

அவள் அந்த இடத்தை இரண்டாம் தரம் சத்தமாக வாசித்தாள். 

“கல்வித் தகைமை குறைவு. சேர், வெடிச்சது மிதிவெடி. அது சுதாவிட்ட சேர்ட்டிபிக்கட் கேட்டிட்டே வெடிச்சது?”

“தாட்சாயினி, மரியாதையாக் கதையுங்கோ.”

“எனக்கும் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதினை மட்டும்தான் சேர். எங்கட குழுவில முக்கால்வாசிப் பேருக்கு அதுவும் இல்லை. ஏழு வருசம் வந்தவை போனவை எல்லாரும் எங்களோட நிண்டு படம் எடுத்தினம். அப்ப ஒருத்தரும் எங்கட தகைமையைக் கேக்கேல்லையே! தோட்டத்தால வந்த பாரதிபுரத்துப் பிள்ளை எண்டபடியால் இப்பிடி எழுதினா ஆரும் கேக்க வரமாட்டினம் எண்டு நினைச்சீங்களோ?”

பிரசாந்தன் அப்புத்துரையின் பக்கம் திரும்பினான். “குழுத் தலைவி கொஞ்சம் மனமுடைஞ்சு போயிருக்கிறா, சேர்.”

“நான் உடையேல்லை,” என்றாள் தாட்சாயினி. “இதில சோடி முறையை நிப்பாட்டினது எங்க எழுதியிருக்கு? பலகை எங்க? நில் எண்டு சொன்னா தண்டனை எண்டு வைச்சீங்களே, அது எங்க?”

அப்புத்துரை முதல் தடவையாக வாய் திறந்தார். “என்ன பலகை?”

“அப்பிடி ஒண்டும் உத்தியோகபூர்வமா இல்லை சேர்,” என்றான் பிரசாந்தன். “இவையள் தங்களுக்குள்ள ஒரு கணக்கு எழுதி வைச்சிருந்தவை.”

பொய் என்று கத்தத் தாட்சாயினி வாயெடுத்தாள். அதற்குள் கூடாரத்துத் துணியை விலக்கிக்கொண்டு மேனுகா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும் கமலாசனியும் வாசலில் நின்றார்கள்.

“என்னட்டப் படம் இருக்கு, சேர்,” என்றாள் மேனுகா. கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். “பலகையில நான் முதலாவதா வந்த அண்டைக்கு எடுத்தனான். அம்மாவுக்கு அனுப்பிறதுக்கு.”

படத்தில் பாலை மரம். பலகை. பச்சையில் உச்சியில் மேனுகா. சிவப்பில் அடியில் சுதர்சினி. வலது ஓரத்தில் ‘நிறுத்தம்’ என்ற நிரல். கீழே பிரசாந்தனின் கையெழுத்தும் திகதியும். பலகைக்குப் பக்கத்தில், விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றவனும் அவன்தான்.

அப்புத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். 

“இன்னுமொண்டு சொல்லோணும்,” என்றாள் மேனுகா. “அண்டைக்கு எனக்குப் பக்கத்துத் துண்டிலதான் சுதாக்கா. அவா கத்தரியைக் கீழ வைச்சிட்டு மற்றக் கையால மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததை நான் கண்டனான். ரெண்டு தரம் கண்டனான். முந்தியெண்டா கத்தியிருப்பன். வாய்வரைக்கும் வந்தது. கத்தினா என்ர பேரில நிமிசம் விழும், நான் கீழ போயிடுவன் எண்டு நினைச்சன். நினைச்சு முடியிறதுக்குள்ள வெடிச்சிட்டுது.” அவள் பிரசாந்தனைப் பார்த்தாள். “கவனக்குறைவு எண்டு எழுதிறதெண்டா என்ர பேரையும் எழுதுங்கோ.”

“என்ர பேரையும்,” என்றாள் தாட்சாயினி. “அவவுக்குக் காய்ச்சல் எண்டு கண்டும் நான் கேக்கேல்லை.”

வாசலில் நின்ற கமலாசனி ஒரு காலடி உள்ளே வைத்தாள். “காலமை மருத்துவப் பதிவில எல்லாரும் சுகம் எண்டு நான்தான் எழுதினனான். ஒருத்தரையும் தொட்டுப் பாக்கேல்லை. தொட்டுப் பாத்தா அவையின்ர வேலை போயிடும் எண்டு விட்டிட்டன்.”

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். தன்னுடைய துண்டில் வேர் இல்லை, மாறிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்றாள் ஒருத்தி. முதல்நாள் தலைசுற்றியது, மறைத்துவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. தாட்சாயினி அந்தத் தட்டெழுதிய தாளைப் புரட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். முடிவில் தானும் கையெழுத்து வைத்துப் பேனையை மூடி மேசையில் வைத்தாள். 

“முன்பக்கத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன், சேர். வேலையை விட்டு நிப்பாட்டினாலும் வைக்க மாட்டன். பின்பக்கத்துக்கு வைச்சிருக்கிறன்.”

அன்றைக்கு ஒருவரும் களத்துக்குள் இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. சோடி முறையைத் திருப்பித் தந்து, ‘நில்’ சொன்னவளின் நிமிடங்களை ஒருவரும் எண்ண மாட்டார்கள் என்று எழுத்தில் தந்தால்தான் இறங்குவோம் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் பாயை விரித்து இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மேனுகா தன்னுடைய பார்சலை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு அழுதாள். ஒருத்தி அவளுடைய பார்சலை எடுத்து அவிழ்த்து, தன்னுடைய மீன்பொரியலில் பாதியை அதற்குள் வைத்து அவள் முன்னால் தள்ளினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “தின்” என்றாள், கோபமாக. மூன்றாம் நாள் எழுத்து வந்தது. மார்கழியில் ஐந்து பேர்தான் என்ற பேச்சையும் அதன்பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

புதிய அறிக்கை வர ஒன்றரை மாதம் பிடித்தது. விபத்துக்குக் காரணம் வேலை முறையில் செய்த மாற்றங்கள் என்று அதில் இருந்தது. சுதர்சினிக்குக் காப்புறுதி கிடைக்க அது போதும். பிரசாந்தனுக்கு என்ன நடந்தது? வேறொரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அங்கேயும் அவன் மண்டபத்தில் உறிஞ்சு குழாயால் கோபுரம் கட்ட வைக்கிறான் என்று கேள்விப்பட்டபோது தாட்சாயினி கையிலிருந்த தேநீரை அப்படியே வாசலில் வீசி ஊற்றினாள்.

தண்டனை அவளுக்குத்தான் வந்தது. விசாரணை ஆவணத்தில் அனுமதியின்றி எழுதியதற்காகத் தலைவிப் பதவி பறிக்கப்பட்டது என்று கடிதம். புதிய தலைவி மேனுகா என்று இன்னொரு கடிதம். மேனுகா அதைத் திருப்பி அனுப்பினாள். கடிதம் அடுத்தவளுக்கு வந்தது, அவளும் திருப்பி அனுப்பினாள். மூன்றாமவளும் அப்படியே. அதன்பிறகு அலுவலகம் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டது. பதவிப் பெயர் இல்லாமலே தாட்சாயினி விடியற்காலையில் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக் கேட்டுக்கொண்டு போகிறாள். இப்போது அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். உடனே அல்ல, இரண்டு மூன்று மாதம் பிடித்தது. அவள் ஒரு பதிலோடு விட்டுவிடுவதில்லை, நெற்றியிலும் கையை வைத்துப் பார்க்கிறாள்.

ஆனால் சுதர்சினி விடவில்லை. 

“முதல் எழுதின அறிக்கை எங்க?” என்று கேட்டாள். தாட்சாயினி பாரதிபுரத்து வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. சுதர்சினி இடது கையால் வெங்காயம் வெட்டப் பழகிக்கொண்டிருந்தாள். 

“அது கோப்பில இருக்காம்.”

“என்ர பேருக்குப் பக்கத்தில கவனக்குறைவு எண்டும் படிப்பில்லை எண்டும் எழுதின தாள் ஒரு கோப்பில கிடக்குது. நாளைக்கு என்ர பிள்ளை அங்க வேலை கேட்டுப் போனா ஆரும் அதை எடுத்துப் பாக்க மாட்டினமே? எனக்கு அது வேண்டாம் அக்கா. பிழையெண்டு எழுதித் தரோணும்.”

இருவருமாகப் பேருந்து ஏறி அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் தரம் பொறுப்பானவர் விடுமுறை என்றார்கள். இரண்டாம் தரம் கடிதம் எழுதிக் கேட்கச் சொன்னார்கள். சுதர்சினி அங்கேயே கதிரையில் இருந்து இடது கையால், பெரிது பெரிதாகக் கோணிய எழுத்தில், ஒரு மணித்தியாலம் எடுத்து எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் தரம், பார்க்கிறோம் என்றார்கள். நான்காம் தரம் மற்ற ஏழு பேரும் கமலாசனியும் கூடவே போனார்கள். பத்துப் பேரும் அந்தக் குளிரூட்டிய வரவேற்பறையில் வரிசையாக, ஒருவரும் பேசாமல், காலை ஒன்பது முதல் நின்றார்கள். இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை.

பதினொன்றரைக்குக் கடிதம் வந்தது. முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. முதல் அறிக்கையில் குறிப்பிட்டவை தவறானவை என்றும், அவை மீளப் பெறப்படுகின்றன என்றும், வருந்துகிறோம் என்றும் இருந்தது. 

கொண்டுவந்து கொடுத்த பெண் ஒரு பெருமூச்சோடு, “சரிதானே அக்காமார்?” என்றாள்.

சுதர்சினி கடிதத்தை மேசையில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சத்தமாக வாசித்தாள். இரண்டாம் வரியில் நின்றாள். 

“என்ர பேர் சுதர்சனி இல்லை. சுதர்சினி. ஒன்பது வருசம் உங்களிட்ட வேலை செய்தனான்.”

“ஒரு எழுத்துத்தானே,” என்றாள் அந்தப் பெண். “பேனையால திருத்தித் தாறன்.”

“பேனையால வேண்டாம்,” என்றாள் சுதர்சினி. “திரும்ப அடிச்சு, திரும்பக் கையெழுத்து வைச்சுக்கொண்டு வாங்கோ. நாங்கள் நிக்கிறம்.”